எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப்: பரீட்சையை விட பேப்பர் வேலைதான் முக்கியம்

ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. பொண்ணு தமிழ்நாட்டுல அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் எட்டாவது படிக்கிறா, நல்லா படிப்பா, அப்பா கூலி வேலை, என்எம்எம்எஸ்ங்கற ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுத வைக்கலாமா, அது தவிர வேற என்ன ஸ்காலர்ஷிப், என்ன விருது இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் "அதெல்லாம் எழுதி பாஸ் பண்ணாலும் பணம் வராது"ன்னு சொல்றார், உண்மையான்னு. நான் பல வருஷமா எட்டாவது பசங்களை இந்தப் பரீட்சைக்கு தயார் பண்ற ஆசிரியர், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு பதில். பணம் வராதுங்கறது பொய், கண்டிப்பா வரும். ஆனா பாஸ் பண்ணியும் பணம் வாங்காத பசங்க இருக்காங்கங்கறது நிஜம். அவங்க யாரும் பரீட்சைல தோத்தவங்க இல்ல. ஆதார்ல ஒரு பேரு, பேங்க்ல ஒரு பேரு, ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல ரினீவல் போடல, பத்தாவது முடிஞ்சதும் ஸ்கூல் மாத்திட்டாங்க, இப்படித்தான் போகுது. அதனால படிப்பை பத்தி கொஞ்சமும் பேப்பர் வேலையை பத்தி நிறையவும் சொல்லப்போறேன்.

என்எம்எம்எஸ்னா தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி படிப்புதவித் தொகை திட்டம். 2008ல மத்திய அரசு ஆரம்பிச்சது. எட்டாவதோட நிறைய பசங்க படிப்பை நிறுத்திடறாங்க, அதை தடுக்கணும்னுதான் கொண்டு வந்தாங்க. எட்டாவது படிக்கறப்ப பரீட்சை எழுதணும், செலக்ட் ஆனா ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் மாசம் 1,000 ரூபாய் கணக்குல வருஷத்துக்கு 12,000, நாலு வருஷத்துக்கு 48,000. முன்னாடி மாசம் 500தான் இருந்துச்சு, 2017ல இருந்து 1,000 ஆக்கினாங்க. நாடு முழுக்க வருஷத்துக்கு 1 லட்சம் பேர், அதுல தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். அப்பா அம்மா ரெண்டு பேர் வருமானமும் சேர்த்து வருஷத்துக்கு 3,50,000க்கு மேல போகக்கூடாது. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி பசங்க மட்டும்தான் எழுதலாம். உங்க பொண்ணு உதவி பெறும் பள்ளிங்கறதால தாராளமா எழுதலாம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா, தனியார் பள்ளி பசங்களுக்கு இது கிடையாது.

ஏழாவது இறுதித் தேர்வுல 55 சதவீதம் எடுத்திருந்தாதான் எழுத முடியும், எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 50 போதும். நீங்க தனியா அப்ளை பண்ண முடியாது, ஹெட்மாஸ்டர் மூலமாத்தான் போகும். அதனால இப்பவே ஸ்கூலுக்கு போய் "என் பொண்ணு பேரையும் சேர்த்துக்கோங்க சார்"னு ஒரு வார்த்தை சொல்லி வைங்க. சில ஸ்கூல்ல நல்லா படிக்கிற நாலஞ்சு பேரை மட்டும் எழுத வைக்கிற வழக்கம் இருக்கு, அது எனக்கு சுத்தமா பிடிக்காது, ஏன்னா ஸ்கூல் பரீட்சைல நடுவுல நிக்கிற பசங்க மன திறன் தாள்ல வெளுத்து வாங்கறதை ஒவ்வொரு வருஷமும் பாக்கறேன். தகுதி இருக்கற எல்லா பிள்ளைக்கும் கேக்கற உரிமை இருக்கு.

பரீட்சை ஒரே நாள், ரெண்டு தாள், ஒவ்வொண்ணும் 90 கேள்வி, 90 நிமிஷம், நடுவுல கொஞ்சம் இடைவேளை. முதல் தாள் மன திறன், மேட்னு சொல்வோம். ரெண்டாவது படிப்பறிவுத் திறன், அதாவது சாட், அதுல அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. ஏழாவது பாடம் முழுசும், எட்டாவதுல கிட்டத்தட்ட அரையாண்டு வரைக்கும் உள்ள பாடமும் வரும். நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால ஒரு கேள்வியை கூட காலியா விட்டுட்டு வரக்கூடாது. 40 சதவீதம், அதாவது 180க்கு 72 எடுத்தா தேர்ச்சி, எஸ்சி எஸ்டிக்கு 32 சதவீதம். ஆனா தேர்ச்சி வேற செலக்ஷன் வேற அக்கா. இடம் 6,695தான், எழுதறவங்க அதை விட பல மடங்கு, இனவாரி ஒதுக்கீடு வேற இருக்கு, அதனால 72 எடுத்தா போதும்னு நினைச்சு உட்கார்ந்துடக்கூடாது.

மேட் தாளை பாத்து பயப்படறவங்கதான் அதிகம், ஏன்னா அது எந்த புக்லயும் பாடமா இல்ல. ஆனா அதுலதான் சீக்கிரமா மார்க் ஏத்த முடியும். உதாரணத்துக்கு ஒண்ணு, 3, 6, 11, 18, 27 அடுத்து என்ன? பிள்ளை பேப்பர்ல ரெண்டு ரெண்டு நம்பருக்கு நடுவுல வித்தியாசத்தை எழுதணும், 3, 5, 7, 9, அப்போ அடுத்த வித்தியாசம் 11, விடை 38. இவ்வளவுதான். இன்னொண்ணு, கடிகாரம் கண்ணாடில எப்படி தெரியும்னு கேப்பாங்க. 4:20ன்னு காட்டற கடிகாரம் கண்ணாடில என்ன மணி காட்டும்? 11:60ல இருந்து 4:20ஐ கழிச்சா 7:40, முடிஞ்சது. இந்த மாதிரி எண் தொடர், எழுத்துத் தொடர், பொருந்தாததை எடுக்கறது, குறியீடு, வென்படம், பகடை, மறைஞ்சிருக்கற உருவம்னு மொத்தமே கொஞ்ச வகைதான், ஒவ்வொரு வகைலயும் பழைய கேள்வித்தாள்ல இருந்து நிறைய போட்டு பாத்தா கை தானா பழகிடும். பெரிய கைடு, கோச்சிங் சென்டர்னு காசு செலவு பண்ண வேண்டாம், பழைய கேள்வித்தாளும் ஏழாவது எட்டாவது பாடப்புத்தகமும் போதும். பாடப்புத்தகத்துல பெட்டிக்குள்ள போட்டிருக்கற குட்டி குட்டி தகவல், பாடத்தோட கடைசில இருக்கற ஒரு மார்க் கேள்வி, படத்துக்கு கீழ இருக்கற வரி, இதையெல்லாம் விடாம படிக்க சொல்லுங்க, சாட் தாள்ல நிறைய அங்க இருந்துதான் வருது. ஓஎம்ஆர் ஷீட்ல வட்டத்தை நிரப்பி பழகறதும் ஒரு வேலை, கேள்வி நம்பர் ஒண்ணு தள்ளிப்போய் கீழ வரைக்கும் எல்லாம் தப்பான பிள்ளையும் உண்டு. வீட்டுல மணி பாத்து 90 நிமிஷம் உட்கார வைச்சு எழுத வைங்க, வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

சரி, இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். ரிசல்ட் வந்து பேரு லிஸ்ட்ல இருந்தா எல்லாரும் ஸ்வீட் குடுத்துட்டு விட்டுடறாங்க. ஆனா லிஸ்ட்ல பேரு வந்ததால மட்டும் அக்கவுண்ட்ல பணம் விழாது. ஒன்பதாவது சேர்ந்ததும் தேசிய கல்வி உதவித்தொகை போர்ட்டல், என்எஸ்பின்னு சொல்வாங்க, அதுல பதிவு பண்ணணும். அப்புறம் ஸ்கூல்ல ஒரு சரிபார்ப்பு, மாவட்ட அளவுல ஒரு சரிபார்ப்பு, ரெண்டும் முடிஞ்சாதான் பணம் வரும். போர்ட்டல் குறிப்பிட்ட சில மாசம்தான் திறந்திருக்கும், கடைசி தேதி சில சமயம் நீட்டிப்பாங்க, ஆனா அதை நம்பி இருக்காதீங்க. நிறைய வீட்டுல என்ன நடக்குதுன்னா எட்டாவது வரைக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி, ஒன்பதாவதுக்கு வேற உயர்நிலைப் பள்ளிக்கு போயிடறாங்க, பழைய ஸ்கூல் சார் "இனி புது ஸ்கூல்ல பாத்துப்பாங்க"ன்னு இருப்பார், புது ஸ்கூல்ல இந்த பிள்ளை செலக்ட் ஆனதே தெரியாது. சேர்ந்த முதல் வாரத்துலயே நீங்களே ரிசல்ட் காப்பியை எடுத்துட்டு போய் கிளாஸ் டீச்சர்கிட்ட குடுங்க, ஸ்கூல்ல ஸ்காலர்ஷிப் வேலை யார் பாக்கறாங்கன்னு கேட்டு அவங்களையும் ஒரு தடவை நேர்ல பாருங்க.

அடுத்தது பேரு. நம்ம ஊர்ல இனிஷியலாலதான் பாதி பிரச்சனை. ஸ்கூல் ரெக்கார்டுல மு.கவிதான்னு இருக்கும், ஆதார்ல கவிதா முருகன்னு இருக்கும், பேங்க் பாஸ்புக்ல கவிதா எம்னு இருக்கும். நமக்கு மூணும் ஒரே பிள்ளை, கம்ப்யூட்டருக்கு மூணு பேர். எமிஸ்ல, அதாவது ஸ்கூல்ல பிள்ளை விவரம் ஏத்தற கல்வித்துறை ஆன்லைன் பதிவேட்டுல, ஆதார்ல, பேங்க்ல பேரு, பிறந்த தேதி, ஆண் பெண் இது மூணும் எழுத்து பிசகாம ஒண்ணா இருக்கணும். இப்பவே, எட்டாவதுலயே, மூணையும் பக்கத்துல பக்கத்துல வைச்சு பாருங்க. திருத்தணும்னா ஆதார்ல திருத்த நேரம் எடுக்கும், ரிசல்ட் வந்த பிறகு அலைஞ்சா போர்ட்டல் மூடிடும்.

பேங்க் அக்கவுண்ட் பிள்ளை பேர்லயே இருக்கணும், ஆதார் இணைச்சிருக்கணும். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, பல பேருக்கு புரியறதில்ல. பேங்க்ல ஆதார் ஜெராக்ஸ் குடுத்து கேஒய்சி முடிச்சாச்சுன்னா இணைஞ்சிடுச்சுன்னு நினைக்கிறாங்க, அது வேற. அரசுப் பணம் ஆதார் நம்பரை வைச்சுத்தான் அக்கவுண்டை தேடி வரும், எந்த அக்கவுண்ட் கடைசியா அப்படி இணைக்கப்பட்டிருக்கோ அதுக்குத்தான் போகும். அதனால பேங்க்ல போய் "அரசு உதவித்தொகை நேரடியா வர்ற மாதிரி ஆதார் சீடிங் பண்ணுங்க"ன்னு தெளிவா கேக்கணும். பிள்ளைக்கு ஏற்கனவே வேற ஒரு பேங்க்லயோ போஸ்ட் ஆபீஸ்லயோ அக்கவுண்ட் இருந்து அது இணைஞ்சிருந்தா, பணம் அங்க போய் உட்கார்ந்திருக்கும், நீங்க இங்க பாஸ்புக் போட்டு போட்டு பாத்துட்டு பணம் வரலைன்னு நினைச்சிட்டு இருப்பீங்க. அதே மாதிரி ரெண்டு வருஷம் அந்த அக்கவுண்ட்ல நீங்க ஒண்ணும் போடாம எடுக்காம இருந்தா பேங்க் அதை செயல்படாத கணக்குன்னு ஒதுக்கிடும், அப்பப்ப 100 ரூபாயாவது போட்டு எடுங்க.

ஒவ்வொரு வருஷமும் ரினீவல் போடணும், இதுதான் அதிகமா விட்டுப்போறது. ஒன்பதாவதுல பணம் வந்துடும், பத்தாவதுல யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க, போர்ட்டல் மூடிடும், அந்த வருஷப் பணம் போச்சு. மார்க்கும் பாப்பாங்க. எட்டாவதுல 55 சதவீதம், ஒன்பதாவதுல இருந்து பத்தாவதுக்கு முதல் தடவையிலேயே பாஸ், பத்தாவதுல 60 சதவீதம், எஸ்சி எஸ்டிக்கு 55, அப்பதான் பதினொண்ணுல தொடரும். பதினொண்ணும் முதல் தடவையிலேயே பாஸ் ஆகணும். பத்தாவது முடிச்சு தனியார் பள்ளிக்கு மாத்தினா ஸ்காலர்ஷிப் நின்னுடும். பாலிடெக்னிக், ஐடிஐ போனாலும் கிடையாது, இது பள்ளிப் படிப்புக்கு மட்டும்தான். அரசுப் பள்ளியில இருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறினா பிரச்சனை இல்ல. இதை நான் எல்லா பெத்தவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா பத்தாவது ரிசல்ட் வந்த உடனே தனியார் ஸ்கூல்காரங்க "ஃபீஸ் குறைச்சுக்கறோம்"னு வீட்டுக்கே வந்து கூப்பிடுவாங்க, ரெண்டு வருஷத்து 24,000 போறது அப்ப யாருக்கும் கண்ணுல படாது.

இப்போ மத்த பரீட்சைங்க. ஒன்பதாவது வந்ததும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, டிரஸ்ட் எக்ஸாம்னு சொல்வாங்க. கிராமப்புறத்துல இருக்கற பள்ளி பசங்களுக்கு மட்டும், நகராட்சி, மாநகராட்சி பகுதின்னா எழுத முடியாது. வருமானம் 1 லட்சத்துக்குள்ள இருக்கணும். மாவட்டத்துக்கு 50 பசங்க 50 பொண்ணுங்க, வருஷத்துக்கு 1,000 ரூபாய், பன்னிரண்டாவது வரைக்கும். தொகை ரொம்ப சின்னதுதான், இந்த காலத்துக்கு ஏத்த மாதிரி அரசு அதை உயர்த்தணும்னு மனசார நினைக்கிறேன், ஆனாலும் பரீட்சை எழுதற பழக்கத்துக்காகவாவது எழுத வைங்க.

பதினொண்ணாவதுல தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கு, 2022ல கொண்டு வந்தாங்க. இது உங்க பொண்ணுக்கு ரொம்ப பொருத்தமானது. 1,500 பேரை எடுக்கறாங்க, மாசம் 1,500 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு. பாதி இடம் அரசுப் பள்ளி பசங்களுக்கு, மீதி பாதில உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாரும் போட்டி போடணும். பத்தாவது தமிழ் புத்தகத்துல இருந்துதான் கேள்வி. பத்தாவது பொதுத்தேர்வுக்கு தமிழை வரி வரியா படிச்ச பிள்ளை, அந்த புத்தகத்தை பழைய பேப்பர்காரர்கிட்ட போடாம வைச்சிருந்தா போதும். இலக்கணக் குறிப்பு, நூல்வெளி, சொல்லும் பொருளும், இதெல்லாம் திரும்ப ஒரு தடவை படிச்சிட்டு போகணும்.

முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வுன்னு ஒண்ணு 2023ல வந்துச்சு, 500 பசங்க 500 பொண்ணுங்க, வருஷத்துக்கு 10,000 ரூபாய் டிகிரி முடிக்கற வரைக்கும், ரொம்ப நல்ல திட்டம், ஆனா அரசுப் பள்ளிக்கு மட்டும். உதவி பெறும் பள்ளின்னா எழுத முடியாது. இதையும் காலேஜ் சேர்றப்ப மருத்துவம், இன்ஜினியரிங்ல அரசுப் பள்ளி பசங்களுக்கு வர்ற 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் சேர்த்து யோசிச்சு பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாத்தலாமான்னு நினைக்கறவங்க, அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும்ங்கறதை தெரிஞ்சுக்கணும், அதனால உங்க பொண்ணை இப்ப மாத்தினாலும் அந்த 7.5 கிடைக்காது. சின்ன பிள்ளை இருக்கறவங்களுக்கு இது உதவும். உங்க பொண்ணுக்கு புதுமைப் பெண் திட்டம் இருக்கு, காலேஜ் சேர்ந்தா மாசம் 1,000. 2022ல அரசுப் பள்ளி பொண்ணுங்களுக்குன்னு ஆரம்பிச்சது, 2024ல இருந்து உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் குடுக்கறாங்க. அதனால யாராவது சொன்னாங்கன்னு நடுவுல இங்கிலீஷ் மீடியம் செக்ஷனுக்கு மாத்தறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை யோசிங்க.

எஸ்சி, எஸ்டி பிள்ளைகளா இருந்தா ஒன்பது, பத்துக்கு ப்ரீ மெட்ரிக் ஸ்காலர்ஷிப் தனியா இருக்கு, வருமானம் 2,50,000க்குள்ள. இதுக்கு பரீட்சையே கிடையாது, விண்ணப்பம்தான், ஆனா மத்திய அரசோட ரெண்டு ஸ்காலர்ஷிப்பை ஒரே வருஷத்துல வாங்க முடியாது, எது பெருசுன்னு பாத்து ஒண்ணை எடுக்கணும். எஸ்சி பிள்ளைகளுக்கு ஷ்ரேஷ்டான்னு இன்னொண்ணு, தேசிய தேர்வு முகமை நடத்தற தேர்வு எழுதி ஒன்பதாவதுலயோ பதினொண்ணாவதுலயோ நல்ல ஹாஸ்டல் வசதி உள்ள தனியார் சிபிஎஸ்இ பள்ளியில சேரலாம், ஃபீஸ், ஹாஸ்டல் ரெண்டும் அரசு கட்டும். தகுதி இருந்தும் இதை கேள்விப்படாத குடும்பம் ரொம்ப அதிகம்.

விருதுன்னு கேட்டீங்க. பெருந்தலைவர் காமராஜர் விருதுன்னு தமிழ்நாடு அரசு குடுக்குது, பத்தாவதுல 10,000, பன்னிரண்டாவதுல 20,000, மார்க் மட்டும் இல்ல, கலை, விளையாட்டு, பேச்சு, கட்டுரைன்னு மத்த திறமையையும் பாப்பாங்க. அதனால பிள்ளை வாங்கற ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. இன்ஸ்பயர் மானக்னு பசங்களோட அறிவியல் ஐடியாவுக்கு மத்திய அரசு குடுக்கற விருது இருக்கு, அதுக்கு பிள்ளையோட சொந்த ஐடியாவை ஸ்கூல் மூலமா அனுப்பணும், தேர்வானா அந்த ஐடியாவை மாடலா செய்யறதுக்கு 10,000 ரூபாய் அக்கவுண்ட்ல போடுவாங்க. இதுல யூட்யூப்ல பாத்த வாட்டர் பம்ப் மாடலை அனுப்பாதீங்க, அம்மா தலையில சுமை தூக்கறப்ப கழுத்து வலிக்குதே அதுக்கு என்ன பண்ணலாம்னு பிள்ளை யோசிச்சா அதுதான் ஐடியா.

என்டிஎஸ்இ, அதாவது தேசிய திறனாய்வுத் தேர்வுன்னு பத்தாவதுக்கு ஒண்ணு 1960கள்ல இருந்து நடந்தது, பெரிய மரியாதை உள்ள தேர்வு, 2021க்கு அப்புறம் நிறுத்தி வைச்சிருக்காங்க. இன்னும் அதுக்கு கோச்சிங்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. அதே மாதிரி ஒலிம்பியாட்னு பேரு போட்டு ஸ்கூல்ல ஃபீஸ் வாங்கி எழுதின எல்லாருக்கும் மெடல் குடுக்கற தனியார் பரீட்சைகளுக்கும், மும்பை ஹோமி பாபா மையம் நடத்தற உண்மையான ஒலிம்பியாட் தேர்வுகளுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த மெடலுக்கு ஸ்காலர்ஷிப்லயும் மதிப்பில்ல, அட்மிஷன்லயும் மதிப்பில்ல. என்எஸ்பில விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது, "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க"ன்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க.

நீங்க கேக்கல, ஆனா சொல்லாம இருக்க மனசு வரல. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில படிக்கிற பிள்ளையோட சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்துட்டாலோ நிரந்தரமா முடங்கிட்டாலோ, பிள்ளை படிப்புக்காக 75,000 ரூபாய் அரசு டெபாசிட் பண்ணற திட்டம் இருக்கு. ஹெட்மாஸ்டர் மூலமா விண்ணப்பிக்கணும். கட்டட வேலை, லோடு வேலைன்னு போற குடும்பங்க நிறைய இருக்கற ஊர்ல கூட இது யாருக்கும் தெரியறதில்ல. உங்களுக்கு தேவைப்படவே கூடாது, ஆனா தெருவுல யாருக்காவது அப்படி ஆச்சுன்னா சொல்லுங்க.

இப்ப உடனே பண்ண வேண்டியது, ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரை பாத்து என்எம்எம்எஸ்க்கு பேரு குடுக்கறது, இ-சேவை மையத்துல வருமானச் சான்றும் சாதிச் சான்றும் வாங்கறது, ஆதாரையும் எமிஸ் பேரையும் ஒப்பிட்டு பாக்கறது, பொண்ணு பேர்ல அக்கவுண்ட் இல்லைன்னா திறந்து ஆதார் சீடிங் பண்ணறது. வருமானச் சான்றுக்கு அப்பாவோட கூலியை கேட்டு தாசில்தார் ஆபீஸ்ல இருந்து விஏஓ விசாரணைக்கு வருவார், அப்ப உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, உங்க வருமானத்துக்கு 3,50,000 வரம்பு தாண்டவே தாண்டாது. வேலைக்கு லீவு போட முடியாதுன்னா ஸ்கூல்ல பேரு குடுக்கறதையும் அக்கவுண்ட்டையும் முதல்ல முடிங்க, மத்ததுக்கு கொஞ்சம் நேரம் இருக்கு. பேரு திருத்தறதுல எங்கயாவது மாட்டினா எந்த ஆவணத்துல என்ன இருக்குன்னு எழுதுங்க, ஆதார் நம்பர் மட்டும் போடாதீங்க, எதை முதல்ல மாத்தணும்னு நான் சொல்றேன்.